சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ஜெபம் பண்ண எப்படி சொல்லிக் குடுக்கறீங்க? (ஒப்பிக்க இல்ல, ஜெபம் பண்ண)

பெரம்பூர் டீச்சர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் வட சென்னைல ஒரு சி.எஸ்.ஐ சபைல பிரைமரி கிளாஸ் எடுக்கறேன், ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து நாலாங்கிளாஸ் வரைக்கும் படிக்கற பிள்ளைங்க. பாட்டுன்னா ஆக்‌ஷனோட பாடுவாங்க, கதை சொன்னா வாய பொளந்துகிட்டு கேப்பாங்க, மனப்பாட வசனம் ஸ்டிக்கருக்காகவாவது வந்துடும். ஜெபம்னு வந்தா மட்டும் மொத்த கிளாஸும் தலைய குனிஞ்சிக்கும், பக்தியில இல்ல, டீச்சர் கண்ணு நம்ம மேல விழுந்துடக் கூடாதுன்னு.

தைரியமா பண்ற ஒண்ணு ரெண்டு பேரும் அப்படியே ஆயர் (எங்க சபை பாஸ்டர்) குரல்லயே பண்றாங்க. "சர்வ வல்லமையுள்ள எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல நாளுக்காக, இந்த நல்ல வேளைக்காக, வந்தவர்களையும் வர முடியாதவர்களையும் ஆசீர்வதியும்"னு எட்டு வயசுப் பொண்ணு மூச்சு விடாம சொல்லுது. கேக்க அழகாத்தான் இருக்கு. ஆனா யாருகிட்ட பேசிட்டு இருக்கோம்னு அதுக்குத் தெரியுமான்னுதான் எனக்கு டவுட்டு.

இதுக்கு நடுவுல ஆண்டு விழாவுக்கு "ஜெபப் போட்டி" வைக்கலாம்னு கமிட்டில பேச்சு. ரெண்டு நிமிஷம் டைம், சரளமா பண்ணா மார்க், நடுவுல வசனம் சேத்தா கூடுதல் மார்க். எனக்கு வயித்தக் கலக்குது, ஆனா மீட்டிங்ல எழுந்து நின்னு வேணாம்னு சொல்ல சரியான காரணம் வாய்ல வரல. நீங்கல்லாம் உங்க சபைல என்ன பண்றீங்க சொல்லுங்க ப்ளீஸ்.

அயனாவரம் லுத்தரன்

ஸ்தோத்திரம் மா. நான் ரிட்டையர்ட் ஆள், கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

இப்ப எல்லாரும் மனப்பாடத்த திட்டறது ஒரு ஃபேஷனாயிடுச்சு. பிள்ளை தமிழ் எப்படி கத்துக்குது? நாம சொல்றத திருப்பிச் சொல்லித்தானே. சீஷருங்க "எங்களுக்கும் ஜெபம்பண்ணப் போதிக்கவேண்டும்"னு கேட்டப்ப (லூக்கா 11) ஆண்டவர் "உங்க மனசுல தோணறத சொல்லுங்கப்பா"ன்னு அனுப்பிடல, வார்த்தைய குடுத்தார். அந்த வார்த்தைதான் பரமண்டல ஜெபம். அது தெரியாத பிள்ளைகிட்ட சொந்தமா ஜெபம் பண்ணுன்னா பாவம் அது என்னத்த பண்ணும், கேட்ட பெரியவங்க மாதிரியே பண்ணும். அதான் உங்க கிளாஸ்ல நடக்குது.

ஆனா மனப்பாடம் பண்ண வச்சிட்டு அப்படியே விட்டுட்டா தப்பு. எங்க லுத்தரன் சபைக்கு மூலமான மார்ட்டின் லுத்தர் 1529ல சின்ன ஞானோபதேசம்னு ஒரு விசுவாசப் பாடப் புத்தகம் எழுதினப்ப ஒவ்வொரு வரிக்கும் கீழ "இதற்கு அர்த்தமென்ன?"ன்னு ஒரு கேள்வி வச்சார். அது முதல்ல வாத்தியாருக்காக இல்ல, வீட்டுத் தலைவன் தன் பிள்ளைங்களுக்கும் வேலைக்காரங்களுக்கும் சொல்லிக் குடுக்கறதுக்காக. அதுல பரமண்டல ஜெபத்துல வர்ற "அன்றன்றுள்ள ஆகாரம்"னா என்னன்னு அவர் போடற லிஸ்ட்டு இருக்கே, சாப்பாடு, துணிமணி, வீடு, நிலம், நல்ல அரசாங்கம், நல்ல மழை வெயில், நல்ல அக்கம்பக்கத்தார் வரைக்கும் போகும்.

இத நான் கிளாஸ்ல பண்ணியிருக்கேன். "உங்க வீட்ல அன்றன்றுள்ள ஆகாரம்னா என்னடா"ன்னு கேட்டு போர்டுல எழுதுவேன். மெட்ரோ வாட்டர் லாரி, கேஸ் சிலிண்டர், ஸ்கூல் ஆட்டோ அங்கிள், ரேஷன் அரிசி, பாட்டியோட சுகர் மாத்திரைன்னு வரும். அப்புறம் அந்த லிஸ்ட்ட பாத்துகிட்டே அந்த ஒரு வரிய மட்டும் எல்லாரும் சேந்து சொல்லுவோம். ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வரி போதும். அவசரமே இல்ல.

பாஸ்டர் வீட்டுப் பையன்

ஐயா மன்னிக்கணும், நான் ஒத்துக்க மாட்டேன். நான் பெந்தெகொஸ்தே வீட்ல வளந்தவன், காலைல அஞ்சு மணிக்கு குடும்ப ஜெபம், எல்லாரும் ஆளுக்கு ஒரு ஜெபம் பண்ணியே ஆகணும். எழுதி வச்ச ஜெபம் எதுவும் கிடையாது, எல்லாம் சொந்த வார்த்தை. ஆனா அந்த சொந்த வார்த்தையும் ஒரு மாசத்துல மனப்பாடம் ஆயிடும் அதான் காமெடி. வாய் பாட்டுக்கு "துதி கனம் மகிமை"ன்னு ஓடும், மண்டைக்குள்ள நேத்து மேட்ச் ஸ்கோர் ஓடும். அதனால எழுதின ஜெபமா சொந்த ஜெபமாங்கறது மேட்டரே இல்லங்கறேன் நான், யாரு கேக்கறாங்கங்கறதுதான் மேட்டர். அப்பா கேக்கறார்னு தெரிஞ்சா அப்பாவுக்குப் பிடிச்ச மாதிரி வரும், சபை கேக்குதுன்னா சபைக்குப் பிடிச்ச மாதிரி.

போட்டி வேணவே வேணாம் சிஸ்டர். காரணம் கேட்டீங்கல்ல, மத்தேயு 6 அஞ்சாவது வசனம் அப்படியே இருக்கு, மனுஷர் காணும்படியா ஜெப ஆலயங்கள்லயும் தெருச் சந்திகள்லயும் நின்னு ஜெபம்பண்ண விரும்பறவங்களப் பத்தி. அடுத்த வசனத்துல அறைவீட்டுக்குள்ள போய் கதவப் பூட்டச் சொல்றார். பரமண்டல ஜெபம் வர்றது அதே அதிகாரத்துல ஒன்பதாவது வசனத்துல. அந்த ஜெபத்த எடுத்து ஸ்டேஜ்ல மைக் குடுத்து மார்க் போடறதா, மேல நாலு வசனம் தள்ளிப் படிச்சிருந்தாலே போதுமே.

அயனாவரம் லுத்தரன்

தம்பி, போட்டி விஷயத்துல நான் உன் கட்சிதான். அதுக்காக மனப்பாடத்த விட்டுக் குடுக்க மாட்டேன் 🙂 வயசானவங்கள ஆஸ்பத்திரில போய்ப் பாரு. பேரப் பிள்ளைங்க பேரே மறந்து போனவங்க பக்கத்துல 23ம் சங்கீதம் ஆரம்பிச்சா உதடு அசையும். அது அம்பது அறுபது வருஷம் முன்னாடி ஏதோ ஒரு சண்டே ஸ்கூல் டீச்சர் உள்ள போட்டு வச்சது.

அடையார் மாண்டிசோரி

நான் கத்தோலிக்க, உள்ள வரலாமா? எங்க பங்குல மறைக்கல்வி (உங்க சண்டே ஸ்கூல் மாதிரி) எடுக்கறேன், வாரநாள்ல மாண்டிசோரி ஸ்கூல்ல டீச்சர்.

நம்ம சென்னைக்கும் இதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. மரியா மாண்டிசோரி 1939ல அடையாருக்கு வந்தாங்க, உலகப் போர் வந்ததால வருஷக்கணக்கா இந்தியாவுலயே தங்கிட்டாங்க, இங்க எத்தனையோ டீச்சர்ஸுக்கு பயிற்சி குடுத்தாங்க. அவங்க முறையில ஒண்ணு மௌன விளையாட்டு. "பேசாத"ன்னு அதட்டறது இல்ல, எல்லாருமா சேந்து மௌனத்த உண்டாக்கறது. கை அசையாம, கால் அசையாம, ஃபேன் சத்தம், வெளிய காக்கா, தூரத்துல ட்ரெயின், என்ன கேக்குதுன்னு கவனிக்கறது, கடைசில டீச்சர் மெதுவான குரல்ல ஒவ்வொருத்தர் பேரையா கூப்பிடுவாங்க. இத 1954லேர்ந்து ரோம்ல சோஃபியா காவலெத்தின்னு ஒரு விவிலிய அறிஞர் அம்மா மறைக்கல்விக்குள்ள கொண்டு வந்தாங்க. அவங்க கவனிச்சு எழுதினதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, சின்னப் பிள்ளைங்கள அவங்க பாட்டுக்கு விட்டா செபம் ரொம்ப ரொம்பச் சின்னதா இருக்கும், பெரும்பாலும் நன்றியும் புகழ்ச்சியும்தான், அது வேணும் இது வேணும்னு கேக்கறது பெரியவங்களப் பாத்து அப்புறம் கத்துக்கறது.

அதனால என் கிளாஸ்ல நான் பண்றது இவ்ளோதான். ஒரு மெழுகுவத்தி, கொஞ்சம் மௌனம். அப்புறம் யாருக்கு தோணுதோ ஒரு வரி. "இயேசுவே நன்றி மாம்பழத்துக்கு." முடிஞ்சுது. அதுக்கு மேல "இன்னும் ஏதாவது சொல்லு கண்ணா"ன்னு நான் இழுக்க மாட்டேன். யாரும் சொல்லலன்னா மௌனமாவே இருந்துட்டு ஆமென் சொல்லி எழுந்துடுவோம். ஆரம்பத்துல அந்த மௌனம் டீச்சருக்குத்தான் தாங்க முடியாது, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா ஐயா சொல்றதும் சரி. புதுநன்மைக்கு (முதல் தடவ நற்கருணை வாங்கறதுக்கு) தயார் பண்ற பிள்ளைங்களுக்கு கர்த்தர் கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, மனஸ்தாப மந்திரம்லாம் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும், அதுல நாங்களும் ஸ்ட்ரிக்ட்டுதான். செபமாலைல ஒரு பத்து மணி பிள்ளைங்ககிட்ட குடுத்தா போதும், முழுசும் முட்டி போட வச்சா அடுத்த அக்டோபர் செபமாலை மாசம் பக்கத்துல வராது.

தாம்பரம் அம்மா

நான் டீச்சர் இல்ல, வெறும் அம்மா. ஒரு கேள்வி கேக்கலாமா, ரொம்ப நாளா மனசுல இருக்கு. எங்க மாமியார் ஐ.சி.யூல இருந்தப்ப என் பையனோட சண்டே ஸ்கூல் கிளாஸே சேந்து ஜெபம் பண்ணாங்க, "விசுவாசத்தோட கேட்டா கிடைக்கும்"னு டீச்சர் சொல்லியிருக்காங்க, பாவம் நல்ல மனசுலதான் சொன்னாங்க. மாமியார் தவறிட்டாங்க. அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் பையன் என்கிட்ட வந்து "நான் நடுவுல ஒரு நாள் ஜெபம் பண்ண மறந்துட்டேன், அதனாலயாம்மா?"ன்னு கேக்கறான். ஏழு வயசு. நான் கட்டிப்பிடிச்சு அழுதேன், பதில் சொல்லல. இப்ப ராத்திரி ஜெபத்துக்கு கூப்பிட்டா வர மாட்டேங்கறான், வற்புறுத்தவும் மனசு வரல. என்ன பண்றது?

நைட் ஷிஃப்ட் நர்ஸ்

அக்கா, முதல்ல அவன்கிட்ட நேரா சொல்லிடுங்க, இன்னிக்கே சொல்லிடுங்க, "நீ மறந்ததால பாட்டி சாகல. பாட்டி உடம்பு ரொம்ப முடியாம போயிடுச்சு, டாக்டருங்க முடிஞ்சதெல்லாம் பண்ணாங்க." இத ஒரு தடவ சொன்னா பத்தாது, பிள்ளைங்க அத உள்ளயே வச்சிகிட்டு சுத்திட்டு இருக்கும். ஏழு எட்டு வயசுல எல்லாத்துக்கும் தான்தான் காரணம்னு நெனைக்கறது சகஜம், நான் வார்டுல பாக்கறேன், தம்பிக்கு ஜுரம் வந்தா கூட "நான் அவன் பொம்மைய புடுங்கினேன் அதான்"னு மூலைல நிக்கும்.

ரெண்டாவது, "சாமிக்கு பாட்டி தேவைப்பட்டாங்க, அதான் எடுத்துக்கிட்டாரு"ன்னு யாரும் சொல்ல விடாதீங்க. அடுத்து அம்மாவ எடுத்துக்குவாரோன்னு பயம் வரும். "உன் விசுவாசம் பத்தல"ன்னு சொல்றவங்கள வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

அப்புறம் கேட்டது கிடைக்காத ஜெபம் பைபிள்லயே இருக்குன்னு அவனுக்கு காட்டுங்க. கெத்செமனேல இயேசுவே "இந்தப் பாத்திரம் என்னை விட்டு நீங்கட்டும்"னு கேட்டார், நீங்கல. பவுல் தன் உடம்புல இருந்த முள்ளு மாதிரி வேதனை போகணும்னு மூணு தடவ கேட்டார், போகல. 13ம் சங்கீதம் ஆரம்பமே "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு கோவத்தோடதான் இருக்கு. சண்டே ஸ்கூல்ல நாம தானியேல் சிங்கக் குகை, பேதுரு ஜெயில்லேர்ந்து வெளிய வந்ததுன்னு ஜெயிச்ச கதையா பொறுக்கி சொல்றோம். அதே அப்போஸ்தலர் 12ல பேதுருவுக்கு முன்னாடி இன்னொரு சீஷர் யாக்கோபு வெட்டப்பட்டு செத்துட்டார், அந்த ரெண்டாவது வசனத்த கதைப் படம் ஒட்டற எந்த ஃப்ளானல் போர்டுலயும் நான் பாத்ததில்ல.

அவன் இப்ப ஜெபத்துக்கு வர வேணாம், விட்டுடுங்க. நீங்க அவன் படுக்கைக்கு பக்கத்துல உக்காந்து நீங்களே சத்தமா ரெண்டு வரி பண்ணுங்க. "ஆண்டவரே, எங்களுக்கு பாட்டி ஞாபகம் வருது. கஷ்டமா இருக்கு." அவன் தூங்கற மாதிரி நடிச்சாலும் கேப்பான். முடிவுல 4ம் சங்கீதம் எட்டாவது வசனம் சொல்லுங்க, "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்"னு வரும்ல, அது ராத்திரிக்குன்னே எழுதின மாதிரி இருக்கும்.

தாம்பரம் அம்மா

அழுதுட்டே படிச்சேன் நர்ஸ். இன்னிக்கு ராத்திரி சொல்றேன்.

காசிமேடு அக்கா

நானும் ஒண்ணு சொல்லணும், இத யாரும் கிளாஸ்ல பேசறதில்ல. பிள்ளைங்க நெஜமாவே சொந்தமா ஜெபம் பண்ண ஆரம்பிச்சா வீட்டு விஷயம் வெளிய வரும். எங்க ஏரியா மீனவர் பிள்ளைங்க அதிகம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போவாது, அந்த ரெண்டு மாசம் பிள்ளைங்க ஜெபத்த கேட்டாலே எந்த வீட்ல அடுப்பு எரியல, எந்த வீட்ல நகை அடகுக்கு போச்சுன்னு தெரிஞ்சுடும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் பக்கம் தண்ணில எண்ணெய் கலந்துச்சே, அப்ப ஒரு பையன் "ஆண்டவரே அப்பா வலையில ஒட்டியிருக்கற கருப்பு போகணும், நண்டு சாகக் கூடாது"ன்னு பண்ணான். ஐயா சொன்ன அன்றன்றுள்ள ஆகாரம் எங்களுக்கு அதுதான்.

அதெல்லாம் சரி. ஆனா "அப்பா குடிச்சுட்டு அம்மாவ அடிக்கக் கூடாது"ன்னு ஒரு பிள்ளை வட்டமா உக்காந்து இருக்கறப்ப சத்தமா சொன்னா? சொல்லியிருக்கு. அன்னிக்கு சாயங்காலமே அது தெரு முழுக்க சுத்திடுச்சு, யாரோ ஒரு டீச்சர் "ஜெபக் குறிப்பு"ன்னு வாட்ஸப் குரூப்ல போட்டு. அந்த பிள்ளை அதுக்கப்புறம் வாயே தொறக்கல. ஜெபக் குறிப்புங்கற பேர்ல நடக்கற ஊர்க்கதை நிறுத்தினாலே பாதி பிள்ளைங்க தைரியமா பேசும்.

என் கிளாஸ்ல இப்ப ரெண்டு ரூல். பிள்ளை ஜெபத்துல சொன்னத டீச்சர் வெளிய பேசக் கூடாது, வீட்ல கூட. ரெண்டாவது, சத்தமா சொல்ல வேணாம்னு தோணினா பேப்பர்ல எழுதி மடிச்சு பெட்டில போடலாம், யாரும் பிரிக்க மாட்டோம். ஆனா இதுல ஒரு விஷயம் முக்கியம், எந்த பிள்ளைக்கும் "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிக் குடுக்காதீங்க. பிள்ளை மேல யாராவது தப்பா கை வைக்கறாங்கன்னு தெரிய வந்தா அத மறைக்கறதே குற்றம், பிள்ளைங்கள பாலியல் கொடுமைலேர்ந்து காக்கற 2012 போக்சோ சட்டம் அப்படித்தான் சொல்லுது, நாம கண்டிப்பா போலீஸ்க்கு சொல்லியாகணும். சைல்டுலைன் நம்பர் 1098, கிளாஸ் சுவத்துல ஒட்டி வைங்க. "ஜெபம் பண்ணிக்குவோம் எல்லாம் சரியாயிடும்"னு பிள்ளைய அதே வீட்டுக்கு திருப்பி அனுப்பறது ஜெபமே இல்ல.

பெரம்பூர் டீச்சர்

அக்கா இந்தக் கோணத்துல நான் யோசிச்சதே இல்ல. பெட்டி ஐடியா கண்டிப்பா எடுத்துக்கறேன். யாரும் பிரிக்க மாட்டோம்னா அந்த பேப்பர அப்புறம் என்ன பண்ணுவீங்க?

காசிமேடு அக்கா

மாசக் கடைசில பிள்ளைங்க முன்னாடியே கிழிச்சுப் போட்டுடுவோம். கிழிக்கறதுல அதுங்களுக்கு தனி சந்தோஷம் 😄

ஓ.எம்.ஆர் அப்பா

எல்லாரும் பெரிய விஷயம் பேசறீங்க, நான் சின்ன விஷயம் கேக்கறேன். எங்க வீட்ல ரெண்டு பேரும் வேலைக்கு போறோம், நான் வீடு வந்து சேர எட்டரை ஒன்பது ஆயிடும், பொண்ணுக்கு அபாகஸ், ஹிந்தி, கீபோர்டு. குடும்ப ஜெபம்னு உக்காந்தா பாட்டு, சங்கீதம், வேத பகுதி, ஆளுக்கு ஒரு ஜெபம்னு எங்க அப்பா காலத்து ஆர்டர்ல போனா முக்கால் மணி நேரம், பொண்ணு தூங்கிடும். அதோட அவ இங்கிலீஷ் மீடியம், தமிழ்ல ஜெபம் பண்ணுன்னா "உம்முடைய", "எங்களுக்குத் தந்தருளும்"லாம் வாய்ல நுழைய மாட்டேங்குது, பாட்டி "நம்ம பாஷையில பண்ணாத்தான் பக்தி"ங்கறாங்க. டெய்லி ஒரு பஞ்சாயத்து.

அடையார் மாண்டிசோரி

எந்த பாஷையில உங்ககிட்ட அடம் பிடிக்கறாளோ அந்த பாஷையில பண்ணட்டும் சார். பாட்டிக்காக ஒரு சங்கீதம் மட்டும் தமிழ்ல மனப்பாடமா இருக்கட்டும், ரெண்டு பேரும் சேந்து சொல்லுவாங்க, பாட்டிக்கும் திருப்தி. 121 சின்னது, எட்டே வசனம்.

நேரம் பத்தி: உக்காந்துதான் பண்ணணும்னு யாரு சொன்னா. வண்டில ஸ்கூலுக்கு போறப்ப ஆம்புலன்ஸ் போனா உள்ள இருக்கறவங்களுக்காக ஒரு வரி. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வரி. நீங்க வீட்டுக்குள்ள வந்ததும் ஷூ கழட்டறப்ப "இன்னிக்கு எதுக்கு தேங்க்ஸ் சொல்லணும், எதுக்கு சாரி சொல்லணும்"னு ரெண்டு கேள்வி, முதல்ல நீங்க சொல்லுங்க அப்புறம் அவ. அப்பா ஆபீஸ்ல யாரையோ கத்தினதுக்கு ஆண்டவர்கிட்ட சாரி சொல்றத பொண்ணு கேட்டா அதுக்கு மேல பாடம் எதுவும் வேணாம்.

பாஸ்டர் வீட்டுப் பையன்

இந்த அஞ்சு விரல் ஜெபமும் நல்லா வேலை செய்யும் பிரதர். கட்டைவிரல் நெஞ்சுக்கு பக்கத்துல இருக்கு, அதனால நமக்கு நெருக்கமானவங்க. ஆள்காட்டி விரல் வழி காட்டற டீச்சர்ஸ், டாக்டர்ஸ், ஆயர். நடுவிரல் உசரம், அதனால ஆட்சியில இருக்கறவங்க. மோதிர விரல் பலம் கம்மி, நோயாளிங்க, கஷ்டப்படறவங்க. சுண்டு விரல் கடைசில தனக்காக. என் அக்கா பையன் தினமும் நடுவிரலுக்கு சி.எஸ்.கே கேப்டனுக்காக பண்றான், நாங்க திருத்தல.

அயனாவரம் லுத்தரன்

திருத்தாம இருந்தது நல்லது. பிள்ளை ஜெபத்த பெரியவங்க திருத்தறதுதான் பெரிய தொல்லை. "நாய்க்குட்டிக்காகலாம் பண்ணக் கூடாது", "இயேசுவின் நாமத்திலேன்னு முடிக்க மறந்துட்ட"ன்னு ஆமென் சொல்றதுக்கு முன்னாடியே ஒரு ஆண்ட்டி குறுக்க வந்துடுவாங்க.

போட்டி பத்தி யோசிச்சிட்டு இருந்தேன் மா. இந்த பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா, சண்டே ஸ்கூல் ஆரம்பிச்சதே படிப்பு சொல்லிக் குடுக்கத்தான். 1780ல ராபர்ட் ரைக்ஸ் இங்கிலாந்துல குளௌஸ்டர் ஊர்ல ஆரம்பிச்சப்ப அங்க வந்த பிள்ளைங்கல்லாம் வாரம் முழுக்க வேலைக்கு போறதுங்க, ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு, அன்னிக்கு எழுத்தும் ஞானோபதேசமும் சேத்து கத்துக் குடுத்தாங்க. அதனால மார்க், பரிசு, கிளாஸ், பரீட்சை எல்லாம் ஒட்டிகிட்டு வந்துடுச்சு. படிப்புக்கு அது சரி. வசனம் ஒப்பிக்கறத தப்பா சரியான்னு நடுவர் சொல்ல முடியும். ஜெபம் பண்ணது தப்பா சரியான்னு எந்த நடுவர் சொல்வார்? லூக்கா 18ல தன் பெருமையவே பேசின பரிசேயன் ஜெபத்துக்கும், பாவி என்மேல இரங்கும்னு மட்டும் கேட்ட ஆயக்காரன் (வரி வசூலிக்கறவன்) ஜெபத்துக்கும் உங்க கமிட்டி மார்க் போட்டா கப்பு பரிசேயனுக்குத்தான் போகும், சரளமா பண்ணான், நடுவுல தான் தசமபாகம் குடுக்கறதக் கூட சேத்தான். இத மீட்டிங்ல அப்படியே சொல்லுங்க, சிரிச்சிகிட்டே சொல்லுங்க.

வியாசர்பாடி வாலண்டியர்

வி.பி.எஸ் (ஸ்கூல் லீவுல சபை நடத்தற பைபிள் வகுப்பு) டைம்ல எனக்கு வேற மாதிரி சிக்கல். மே மாசம் வர்றதுல பாதிக்கு மேல இந்து வீட்டுப் பிள்ளைங்க, கிராஃப்ட்டுக்கும் ஜூஸுக்கும் பாட்டுக்கும் ஆசையா வருது, அப்பா அம்மாவும் தெரிஞ்சுதான் அனுப்பறாங்க. ஜெப நேரத்துல அவங்கள என்ன பண்றது? ஒரு அங்கிள் "எல்லாரும் என் பின்னாடி சொல்லுங்க, இயேசுவே என் உள்ளத்தில் வாரும்"னு மொத்தமா சொல்ல வச்சிட்டு முடிவுல எத்தனை பேர்னு ரிப்போர்ட் வேற எழுதறாரு. எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

காசிமேடு அக்கா

அது ஜெபம் இல்ல தம்பி, கணக்கு. பிரவுன் ஷீட், பேனான்னு பரிசு குடுத்து ஆறு வயசுப் பிள்ளைய என்ன வேணா சொல்ல வைக்கலாம். நோட்டீஸ்லயே பாட்டு, கதை, ஜெபம் எல்லாம் இருக்கும்னு தெளிவா போட்டு அப்பா அம்மாகிட்ட கையெழுத்து வாங்குங்க. ஜெபம் பண்றப்ப "நாங்க இப்ப ஜெபம் பண்ணப் போறோம், நீங்க அமைதியா உக்காந்து இருந்தா போதும்"னு சொல்லுங்க. தெருவுல அந்த பிள்ளையோட அம்மா நாளைக்கும் நம்ம மூஞ்சிய பாக்கணும்ல. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்"னுதான் சொன்னார், தள்ளிட்டு வாங்கன்னு சொல்லல.

பெரம்பூர் டீச்சர்

மீட்டிங் முடிஞ்சுது. ஐயா சொன்ன பரிசேயன் கப்பு கதைய சொன்னேன், ஆயர் விழுந்து விழுந்து சிரிச்சாரு, செக்ரட்டரி சிரிக்கல. முழுசா ஜெயிக்கல ஆனா தோக்கவும் இல்ல. ஜெபப் போட்டி கிடையாது, அதுக்கு பதிலா சங்கீதம் ஒப்பிக்கற போட்டி, பிகினர்ஸுக்கு 23, மத்தவங்களுக்கு 121. அப்புறம் ஆண்டு விழா ஆராதனைல பொது ஜெபம் பிள்ளைங்க பண்ணட்டும்னு ஆயரே சொன்னாரு. ஒரு பிள்ளை ஒரு வரி, சபை "ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேளும்"னு பதில் சொல்லும். வரிய நான் எழுதிக் குடுக்கணும்னு செக்ரட்டரி சொல்றாரு, பிள்ளைங்க "கண்டபடி" சொல்லிடுமாம். அது பாக்கலாம், அதுக்கு இன்னும் டைம் இருக்கு.

அஞ்சு விரல் போன வாரம் பண்ணேன். மொத்த கிளாஸும் விரல நீட்டிகிட்டு மோதிர விரல மட்டும் தனியா தூக்க முடியாம பத்து நிமிஷம் போச்சு.

போரூர் பிரியாணி

லேட்டா வர்றேன் சாரி. என் பையனுக்கு ஆட்டிசம், ஒன்பது வயசு, பேச்சு கம்மி. சர்ச்சுல "கண்ண மூடு, கைய கூப்பு, அசையாத"ன்னு சொன்னா அவனுக்கு அது பெரிய தண்டனை, கத்திடுவான், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, நான் அவன தூக்கிட்டு வெளிய போயிடுவேன். சண்டே ஸ்கூல்ல சேக்கலாமா வேணாமான்னே தெரியல. ஜெபம்லாம் அவனுக்கு சொல்லிக் குடுக்க முடியுமா?

அடையார் மாண்டிசோரி

தாராளமா சேருங்க. கண்ண மூடறதும் கை கூப்பறதும் கவனம் சிதறாம இருக்க நாம வச்சிகிட்ட பழக்கம், சட்டம் இல்ல. லாசரு கல்லறைகிட்ட இயேசு கண்ண ஏறெடுத்துதான் ஜெபம் பண்ணார், யோவான் 11:41 பாருங்க. அன்னாள் ஜெபத்துல உதடுதான் அசைஞ்சுது, சத்தமே வரல, ஆசாரியர் ஏலி அவங்க குடிச்சிருக்காங்கன்னு நெனச்சிட்டார்.

உங்க பையனுக்கு படம் வச்சு பண்ணலாம். அவனுக்குத் தெரிஞ்சவங்க ஃபோட்டோ, அம்மா, தாத்தா, ஸ்கூல் வேன், அவனுக்குப் பிடிச்ச சாப்பாடு, கார்டு மாதிரி லேமினேட் பண்ணி ஒரு ரிங்குல மாட்டிடுங்க. ஒவ்வொரு நாளும் அவன் ஒரு கார்ட எடுத்துக் குடுத்தா அதுதான் அவன் ஜெபம், நீங்க "ஆண்டவரே, தாத்தா"ன்னு சொன்னா போதும். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வரிசை. மாத்தாதீங்க. சர்ச்சுல கடைசி பெஞ்ச், கதவு பக்கம், மைக் ஸ்பீக்கர் தலைக்கு மேல இல்லாத இடமா பாத்துக்கோங்க. சேக்கறதுக்கு முன்னாடி ஆள் இல்லாத ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிட்டு போய் அந்த கிளாஸ் ரூம காட்டிட்டு வாங்க.

போரூர் பிரியாணி

ஃபேன் ஸ்விட்சு ஃபோட்டோவும் வைக்கலாமா? அவனுக்கு உலகத்துலயே அதான் ரொம்பப் பிடிக்கும்.

காசிமேடு அக்கா

அத முதல் கார்டா வைங்க.